சுரண்டாத குழாய்

எலுவன்குளம் புவிவெப்ப மின்நிலையம். வேலைநீக்கக் கடிதத்தை நீட்டினார் மேலாளர் யோகராசா.

“சுதர்சனா, சுடுதண்ணிக் கிணத்துக் குழாயில படியிற சுண்ணாம்பைச் சுரண்டுறதுதான் உம்மட வேலை. மூண்டு மாசமா ஒருக்காலும் சுரண்டேல்லையாம்?”

“ஓம் சேர்.”

“வெக்கமில்லாமல் ஓம் எண்டுறீர்! குழாய் அடைச்சா மின்சாரம் எப்பிடி வரும்?”

“கழட்டிப் பாருங்கோ.”

கழற்றினார்கள். டோர்ச் அடித்துப் பார்த்த யோகராசா திகைத்தார். உள்ளே பொட்டுச் சுண்ணாம்புகூட இல்லை.

“புதுக் குழாயோ?”

“பழசுதான் சேர். தண்ணி ஆழத்திலேயே ஆவியாகிச் சுண்ணாம்பைக் கக்குது. அது படியாமல் தடுக்கிற மருந்தை முந்தி நாங்கள் மேல ஊத்தினம். நான் ஒரு மெல்லிய குழாயால அந்த ஆழத்துக்கும் கீழ இறக்கி விட்டன். படிஞ்சாத்தானே சுரண்ட!”

“ஆரைக் கேட்டுச் செய்தனீர்?”

“உங்களைத்தான். நான் எழுதித் தந்த விண்ணப்பத்தில வாசிக்காமலே கையெழுத்து வச்சனீங்கள்.”

அவள் கையிலிருந்த வேலைநீக்கக் கடிதத்தைப் பறித்துக் கிழித்தார் யோகராசா.

“மற்ற நாலு கிணத்துக்கும் எழுதித் தாரும். இந்தமுறை வாசிக்கிறன்!”