பெட்ரோல் வாடை

புல் பையைத் தொப்பென்று கீழே போட்டார் தேவநாதன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“ஒரு முயலுக்காகக் கெடிலம் ஆத்தங்கரைக்கு நடந்து போயி, நடந்து வரேன். பைக்ல போனா பத்து நிமிச வேல.”

“பைக்ல எடுத்தாந்தா புல்லுல பெட்ரோல் வாடை அடிக்குதுன்னு மூஞ்சத் திருப்பிக்குதே. நான் என்ன பண்ணட்டும்?” என்றாள் மனைவி பவானி.

“கடையில கீர வாங்கிப் போடு.”

“வாடுன கீரய மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது.”

“சிதம்பரம் ஹாஸ்டலுக்குப் போறப்ப மக விட்டுட்டுப் போனதாச்சேன்னு பாக்கறேன். இல்லன்னா எப்பவோ யாருக்காவது தூக்கிக் கொடுத்திருப்பேன்” என்று முணுமுணுத்தபடி குளிக்கப் போனார்.

பக்கத்து வீட்டு ஷமீனா, நேற்று மிஞ்சிய காலிஃப்ளவர் தழையுடன் வந்தாள். கூண்டுக்குள் போட்டதுதான் தாமதம், முயல் காம்பைக்கூட விடாமல் மென்றது.

“ஏங்க்கா, வாடிப்போன தழையவே இந்த வேகத்துல திங்குது. அண்ணன் எதுக்குத் தெனமும் இவ்ளோ தூரம் நடக்கறாரு?”

“மெதுவா பேசு. காலையும் சாயந்திரமும் நடந்தாத்தான் சுகர் கொறையும்னு டாக்டர் தலபாடா அடிச்சுக்கிட்டாரு. நானும் ஒரு வருசம் கத்திப் பாத்தேன். மனுசன் தெருமுனை வரைக்கும்கூட நடக்கல. இந்த மூணு மாசத்துல மாத்திரையே பாதியாக் கொறஞ்சிருக்கு.”

குளியலறைக் கதவு திறந்தது. “பவானி, அது புல்லத் தின்னுச்சா?”

பவானி மிச்சத் தழையைக் கூண்டிலிருந்து உருவி முந்தானைக்குள் மறைத்தாள்.

“தின்னுதுங்க. ஆனா இந்தப் புல்லு சாயந்திரத்துக்குள்ள வாடிருமே. இன்னொரு நடை போய்ட்டு வந்துடுங்க.”