முத்தடுப்பு ஊசி

தடுப்பூசி அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தவர்களில் மடியில் குழந்தை இல்லாதவள் சுகிர்தா ஒருத்திதான். பக்கத்தில் இருந்த பெண் கேட்டேவிட்டாள்.

"பாப்பா எங்கக்கா?"

"ஊசி எனக்குத்தாம்மா."

அவளுடைய ரத்தமே அவள் தோலைப் பகையாக நினைத்துத் தாக்கியதில், தோல் இறுகி, சோறு பிசையக்கூட விரல்கள் மடங்காமல் போயிருந்தன. மருத்துவர்கள் ரத்தத்தை ஊறவைக்கும் அவளுடைய ஸ்டெம் செல்களை எடுத்து வைத்துக்கொண்டு, உடம்பில் இருந்த எதிர்ப்புச் சக்தி முழுவதையும் மருந்தால் அழித்துவிட்டு, அந்த செல்களையே திரும்ப ஏற்றினார்கள். புதிதாக ஊறிய ரத்தம் பகையை மறந்தது. சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளையும் சேர்த்தே மறந்துவிட்டது.

"எல்லாத்தையும் முதல்லேருந்து போடணும்மா" என்றார் டாக்டர்.

"போட்டுடலாம் டாக்டர்" என்றாள்.

தினமும் எழுந்ததும் விரல்களை மடக்கிப் பார்ப்பாள். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தன, உள்ளங்கையைத்தான் தொடவில்லை. விடாமல் மடக்கினாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். யார் குழந்தையோ வீறிட்டுக்கொண்டிருந்தது. சுகிர்தா சுடிதார் கையை மேலே ஏற்றிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசி இறங்கவில்லை.

"என்னம்மா, கையை இப்படி முறுக்கினா எப்படி ஊசி போடறது? விரலை விரிங்க" என்று நர்ஸ் அதட்டினார்.

சுகிர்தா குனிந்து பார்த்தாள். மடியில், ஐந்து விரல்களும் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன.

"இருங்க சிஸ்டர், விரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.