ஞாயிற்றுக்கிழமைப் பல்செட்டு

ஒரு கண்ணாடி டம்ளருக்குள் ஒரு பல்செட்டு குடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அதற்கு வேலை. வெளிநாட்டு மகன் வீடியோ காலில் வரும்போது, பெரியவர் சூசைநாதன் அதை மாட்டிக்கொண்டு சிரிப்பார். பேசி முடித்ததும் மறுபடி தண்ணீருக்குள் போட்டுவிடுவார்.

"சாப்பிடறப்போ உன்னை ஏன் தேடறதில்லை?" என்றது டம்ளர்.

"என் இடது ஓரம் அவர் ஈறைக் கிழிக்குது. 'வலிச்சா வாங்க, அஞ்சு நிமிஷத்துல ராவித் தரேன்'னு டாக்டர் அன்னைக்கே சொன்னார். இவர் போனாத்தானே! மகன் ஆசைப்பட்டுக் கட்டிவிட்ட பல்லாம், குறை சொல்லக் கூடாதாம்."

"அதான் மூணு வேளையும் ரசம் சாதமா? மனுஷனுக்குச் சட்டை தொங்குதே."

பல்செட்டு யோசித்தது. "அடுத்த வாரம் சிரிக்கும்போது கீழே விழுந்துடறேன். வாயில இருக்கிற புண்ணை மகனே பார்க்கட்டும்."

"உன் மானம் போயிடுமே?"

"போகட்டும்."

சொன்னபடியே விழுந்தது. மகன் பதறிப்போய், "என்னப்பா, வலிக்குதா?" என்று கேட்டான்.

பெரியவர் சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டார். "சேச்சே, வலியெல்லாம் இல்லப்பா. கொஞ்சம் லூசு, அவ்வளவுதான்."

புதன்கிழமை ஒரு பார்சல் வந்தது. மகன் அனுப்பிய, பல்செட்டை ஒட்டவைக்கும் பசை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் அரைமணி நேரம் சிரித்தார். பல்செட்டு அசையவில்லை. பிறகு பிய்த்தெடுத்து டம்ளரில் போட்டபோது தண்ணீர் லேசாகச் சிவந்தது.