பெர்னார்டின் பிஎச்

ஹில்டா முதல் தேக்கரண்டியை நிரப்பியதும் கீத் கையை நீட்டித் தடுத்தார்.

"பொறு ஹில்டா. பிஎச் என்ன ஆகும்னு யாராச்சும் யோசிச்சீங்களா?"

கரண்டியில் இருந்தது ஹில்டாவின் கணவர் பெர்னார்டின் சாம்பல்.

தன் சாம்பலில் மூன்று தேக்கரண்டியை, வீட்டில் பீர் காய்ச்சுகிற எங்கள் சங்கத்து பீரில் கலந்து எல்லோரும் குடிக்க வேண்டும் என்று பெர்னார்ட் உயிலில் எழுதியிருந்தார். ஒரு மனிதரைக் குடிப்பதில் எங்களில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

பிரச்சினை தண்ணீர்தான்.

எங்கள் ஊர் வென்டோவரில் குழாயைத் திறந்தாலே சுண்ணாம்பு. வீட்டில் பீர் காய்ச்சுகிறவனுக்கு அதைவிடத் தலைவலி கிடையாது. முளைகட்டிய பார்லியைச் சுடுநீரில் ஊறவைக்கும்போது அந்தக் கூழின் பிஎச், அதாவது அமில-கார அளவு, ஐந்தரையை ஒட்டி நிற்க வேண்டும். அப்போதுதான் மாவு ஒழுங்காகச் சர்க்கரையாகும். சுண்ணாம்பால் அது ஏறி ஆறை நெருங்கினால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கிவிடும், மணிக்கணக்கில் கொதிக்கவிட்ட டீ மாதிரி. கறுப்பு பீர் என்றால் வறுத்த தானியத்தின் புளிப்பே சரிக்கட்டிவிடும். பெர்னார்ட் கேட்டிருந்ததோ வெளிர் பீர்.

சாம்பல் காரம். காரம் பிஎச்சை ஏற்றும்.

அடுத்த மாதம் பீர் போட்டி. இருந்தவரைக்கும் கெடுத்தது போதாதா, செத்த பிறகுமா என்றார் கீத். உயிலை நிறைவேற்றாமல் இந்த கராஜை விட்டு நகர மாட்டேன் என்றார் ஹில்டா.

கடைசியில் நைஜல் சமரசம் செய்தார். பெர்னார்டைப் போடுவது. பிஎச் ஏறினால் ஏறிய அளவுக்கு அமிலம் விடுவது.

மீட்டர் என் பொறுப்பு. போடுவதற்கு முன் 5.6.

ஹில்டா மூன்று கரண்டியும் போட்டார். நைஜல் துடுப்பால் கிளறினார். பத்து நிமிடம் காத்திருந்தோம். ஒரு கரண்டிச் சாற்றைச் சாஸரில் எடுத்து ஊதி ஆறவைத்தேன். சூட்டோடு அளந்தால் மீட்டர் பொய் சொல்லும். கீத் அமிலக் குப்பியைத் திறந்து தயாராக நின்றார்.

5.4.

இரண்டாவது முறை அளந்தேன். அதே 5.4.

ஏறவில்லை, இறங்கியிருக்கிறது என்றேன்.

கீத் அமிலக் குப்பியை மூடினார். போகிற போக்கில் நம்ம தண்ணியைச் சரி பண்ணிட்டுப் போயிருக்கான் பாருங்க என்று சொல்லும்போதே குரல் உடைந்தது. நைஜல் அவரை அணைத்துக்கொண்டு வெளியே கூட்டிப்போனார்.

எனக்கு அழுகை வரவில்லை. எந்த மனிதரின் சாம்பலும் பிஎச்சை இறக்காது.

இறக்கக்கூடிய வெள்ளைத் தூள் ஒன்று உண்டு. ஜிப்சம். தண்ணீரைச் சரிசெய்ய, பீர் காய்ச்சுகிற எல்லா வீட்டு அலமாரியிலும் ஒரு டப்பா இருக்கும்.

நான் நிமிர்ந்தபோது ஹில்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தாறு வருஷம் ஒரு சனிக்கிழமை விடாம உங்களோடதான் இருந்தாரு. இனிமேலாவது வீட்ல இருக்கட்டும்."

குறிப்பேட்டில் பார்லிக்கும் ஹாப்ஸ் பூவுக்கும் கீழே 'பெர்னார்ட், மூன்று தேக்கரண்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.