இறுகிய மோதிரம்

மருந்து கொடுக்கப்போன தமயந்தியின் விரலைப் பூனை கடித்துவிட்டது. இரண்டு சின்னப் பல் தடம்தானே என்று துடைத்துவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

மறுநாள் அந்த விரலிலிருந்த மோதிரம் வளையலிடம் பெருமையடித்தது. "பாரு, விரல் என்னை எப்படிக் கட்டிப் பிடிச்சிருக்குன்னு. உன்னை மாதிரி லொடலொடன்னு ஆடிக்கிட்டா இருக்கேன்?"

"அது வீக்கம். கடிவாயில சீழ் பிடிச்சிருக்கு. இப்பவே கழண்டு வந்துடு," என்றது வளையல்.

"பொறாமைப்படாதே. எங்களை யாராலும் பிரிக்க முடியாது."

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சோப்பு போட்டு இழுத்தும் மோதிரம் வரவில்லை. விரல் நீலம் பாரித்திருந்தது. டாக்டர் மோதிரத்தை வெட்டும் கருவியைக் கையில் எடுத்தார்.

மோதிரம் கொஞ்சமும் அசரவில்லை. "நீயே அவர்கிட்ட சொல்லு," என்றது விரலிடம்.

விரல் அப்போதுதான் வாய் திறந்தது.

"சீக்கிரம் வெட்டுங்க டாக்டர். மூச்சு முட்டுது."