யானைக்குப் பின்னால் குதிரை

"நீங்க முன்னாடி போங்க அத்தான். நான் பின்னாலயே வர்றேன்."

மைத்துனன் தன் பிக்கப்பின் ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சொன்னதும் ஐஸ்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடியற்காலையில் ஐஸ் பாளங்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வாசலைத் தாண்டினால் போதும், எங்கிருந்தோ முளைத்துவிடுகிறான். அவனுக்கும் துறைமுகத்தில்தான் வேலை, மீன் கூடை இறக்குகிறவன். நேராகப் போய்த் தொலைய வேண்டியதுதானே? இவர் வாலைப் பிடித்துக்கொண்டு ஏன் வர வேண்டும்?

ஏன் என்று அவருக்குத் தெரியும். எல்லாம் அந்தச் சபதத்தால் வந்த வினை.

ஐஸ்காரரின் பிக்கப் யானை மார்க். அவர் அப்பா ஓட்டியதும் யானைதான். வேறு மார்க்கை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். மைத்துனனுடையது குதிரை மார்க். குடும்பம் எங்கே கூடினாலும், சோறு வடிப்பதற்குள் பேச்சு வண்டியில் வந்து நிற்கும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார் இவர். அதனால்தான் பாதி செத்ததை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்பான் அவன். குதிரை வண்டிக்குப் புல் போட்டால் போதுமா, டீசலும் ஊற்ற வேண்டுமா என்று இவர் திருப்பிக் கொடுப்பார்.

போன தடவை பேச்சு முற்றிவிட்டது. யார் வண்டி முதலில் நடுவழியில் நிற்கிறதோ, அவர் அதைத் தலைமுழுகிவிட்டு மற்றவர் மார்க்கை வாங்க வேண்டும் என்று எல்லார் முன்னாலும் இருவரும் வாயை விட்டுவிட்டார்கள். "வீட்டுக்கு ஒரு பீரோ வாங்கத் துப்பில்ல, இதுல வண்டி மாத்துறாங்களாம்" என்றாள் ஐஸ்காரர் மனைவி. யார் காதிலும் விழவில்லை.

அன்றிலிருந்து இவன் நிழல் மாதிரி வருகிறான். போதாக்குறைக்குப் புதிதாக ஒரு இழுவைக் கயிறு, இரண்டு முனையிலும் கொக்கியோடு, வண்டியில் எப்போதும் சுருண்டு கிடக்கிறது. எதற்கு என்று கேட்டதற்கு, நடுவழியில் நின்றால் வேண்டுமே என்று பல்லைக் காட்டினான். அந்தப் பல்லைத் தட்டிக் கையில் கொடுக்க வேண்டும்போல் இருந்தது ஐஸ்காரருக்கு. இன்னொரு திமிரும் உண்டு அவனுக்கு. எங்கே நின்றாலும் இன்ஜினை அணைக்க மாட்டான். ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறுமவிட்டபடியே இருப்பான். குதிரை கனைப்பதை ஊர் கேட்க வேண்டுமாம்.

இன்று ஐஸ்காரர் பார்வை ரோட்டில் பாதி, கண்ணாடியில் தெரிந்த குதிரையில் பாதி. காது மட்டும் முழுக்க இன்ஜினில். ஒரு வாரமாக உள்ளே 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றால் அந்த ஆள் ஓட்டைவாய். பட்டறைக்குள் யானை நுழையுமுன்னே சேதி மைத்துனன் வீட்டுக்குப் போய்விடும்.

துறைமுகம் வரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும். படகுகள் கரைக்கு வந்துகொண்டிருக்கும். ஐஸ் நேரத்துக்குப் போகாவிட்டால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வார்கள். நாளைக்கும் அந்த ஆளிடமே வாங்குவார்கள்.

கையை வெளியே நீட்டி, முந்திப் போ என்று சைகை காட்டினார். மைத்துனன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். முந்தவில்லை.

பாலம் தாண்டியதும் 'கடக்' என்றது யானை. அதோடு மூச்சை நிறுத்திக்கொண்டது.

உருண்ட வேகத்திலேயே ஓரங்கட்டினார். சட்டென்று போனைக் காதில் வைத்துக்கொண்டு, இல்லாத ஆளிடம் பேச ஆரம்பித்தார். பின்னால் குதிரை சடாரென்று பிரேக் போட்டு நின்றது. பேச்சின் நடுவே சாவியை மெதுவாகத் திருகிப் பார்த்தார். முனகல்கூட இல்லை.

குதிரையின் உறுமலும் கேட்கவில்லை. முதல் தடவையாக இன்ஜினை அணைத்திருக்கிறான். நிதானமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டார் ஐஸ்காரர்.

ஐஸை மூடியிருந்த சாக்குக்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. முதலில் சொட்டு. பிறகு கோடு. ரோட்டோரத்தில் அது ஓடுவதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கௌரவத்தைப் பார்த்தால் ஐஸ் போகும். ஐஸைப் பார்த்தால் கௌரவம் போகும். கௌரவத்தை எந்தப் படகுக்காரனும் விலைக்கு வாங்கப் போவதில்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? மனதைத் தேற்றிக்கொண்டு இறங்கினார். குதிரை வரைக்கும் நடந்த அந்தக் கொஞ்ச தூரத்தில் அப்பாவின் முகம் வந்து வந்து போனது.

மைத்துனன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தான். சிரிப்பை அடக்குகிறானாக்கும்.

"மாப்ளே," என்றார் ஐஸ்காரர், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "அந்தக் கயித்தை எடு."

மைத்துனன் நிமிர்ந்தான். முகத்தில் கிண்டல் துளிகூட இல்லை. இறங்கிக் கயிற்றை எடுத்துக்கொண்டு முன்னால் போனான்.

ஒரு முனையை யானையின் பின்பக்கம் மாட்டினான். மறுமுனையைத் தன் குதிரையின் முன்பக்கம் மாட்டினான்.

"எப்படி அத்தான் கண்டுபிடிச்சீங்க?" என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "இந்தச் சனியன் ஒரு தடவை ஆஃப் ஆச்சுன்னா திரும்பக் கிளம்பாது. உங்க யானையை நம்பித்தானே இத்தனை நாளா பின்னாலயே வர்றேன். ம், நான் தோத்துட்டேன், வண்டியை எடுங்க."