கமிட்டித் தலைவரின் லிமோ

“கண்ணாடியில கூடப் பின்னாடி பாக்கக் கூடாது. உங்க டிரைவர்கிட்ட அதை முதல்ல சொல்லிடுங்க பாய்.”

பத்மநாபன் போனில் கறாராகப் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் லிமோ என்கிற நீளச் சொகுசுக் கார்களை வாடகைக்கு விடும் சாதிக் பாட்ஷா, “எங்க டிரைவருங்க எல்லாம் தங்கமான பசங்க சார்” என்றார்.

“தங்கமோ தகரமோ, பொம்பளப் பிள்ளைங்க ஏறுற வண்டி. அவன் இஷ்டத்துக்குப் பாட்டுப் போடக் கூடாது. வாயைத் திறக்கவே கூடாது.”

மகள் மிருதுளாவுக்குப் பள்ளியில் ப்ராம் நைட். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கோட்டும் கவுனுமாக ஆடிப் பாடிப் பிரிகிற நாள். அன்றைக்குப் பிள்ளைகள் பத்திரமாகவும் பந்தாவாகவும் போய்வர ஏற்பாடு செய்யப் பெற்றோரின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கமிட்டி போட்டார்கள். நான்தான் தலைவர் என்று பத்மநாபன் தானே அறிவித்துக்கொண்டார். ஆபீஸ் போகிற வழியில் வாய்ஸ் மெசேஜிலேயே கமிட்டியை நடத்தினார். குரூப்பில் அவர் பெயருக்குப் பக்கத்து வட்டத்தில் முகத்துக்குப் பதில் அவருடைய வெள்ளை லேண்ட் குரூசர் கார் பளபளத்தது.

யார் என்ன யோசனை சொன்னாலும் அவருக்கு இளக்காரம்தான். ஒருவர் டாக்ஸி போதுமே என்றார். “டாக்ஸியில போறதுக்குக் கராமா மார்க்கெட்டுல காய்கறி வாங்கப் போலாமே, ப்ராம் எதுக்கு?” இன்னொருவர் ஸ்கூல் பஸ் என்று ஆரம்பித்தார். “உங்க பிள்ளைக்கு அது போதும்னா எனக்கு ஆட்சேபணை இல்ல.”

பாதுகாப்பு விதியையும் அவரே போட்டார். “கார்டைக் காட்டினா அனுப்புற வேலையெல்லாம் ஆகாது. எவன் வேணும்னாலும் இரவல் கார்டு வாங்கிட்டு வருவான். பிள்ளைங்க பேச்சையும் நம்பக் கூடாது, பாய்பிரெண்டை அண்ணன்னு சொல்லும்ங்க. கேட்ல நிக்கிறவனுக்கு முகம் பழக்கமா இருக்கணும். இல்லேன்னா பிள்ளையை விடாதீங்க.”

பள்ளி அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. மனைவி உமாராணிக்கு தோஹாவில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவாள். “ஸ்கூல் விஷயத்துல நீங்க இறங்கினதே அதிசயம்” என்று போனில் சிரித்தாள். அதைப் பாராட்டு என்றே பத்மநாபன் எடுத்துக்கொண்டார்.

ப்ராம் நாள் மாலை, குசைஸில் அவர்கள் ஃப்ளாட்டின் வாசலில் லிமோ வந்து நின்றது. வேலைக்காரி கனகா தரையில் உட்கார்ந்து மிருதுளாவின் கவுனுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். மலையகத்து ஹட்டன் பக்கத்துக்காரி, மிருதுளா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் வந்தவள்.

“டாட், கனகா ஆன்ட்டியும் லிமோல வரட்டுமே. ஜஸ்ட் ஒரு ரவுண்ட். ப்ளீஸ்.”

“வேலைக்காரிக்கு லிமோவா? உன் பிரெண்ட்ஸ் எடுக்கிற போட்டோவுல இவ விழுந்தா என் மானம் என்னாகும்?”

கனகா ஊசியை விட்டு நிமிரவில்லை. “வேணாம் பாப்பா. எனக்கு அடுப்புல வேலை கெடக்கு” என்றாள். மிருதுளாவின் முகம் சுருங்கிப்போனது.

போகும்போது பெண்கள் மட்டும். திரும்பும்போது தானே லிமோவில் போய், அத்தனை பெற்றோர் கண்ணெதிரே இறங்கி, மகளைக் கைபிடித்து ஏற்ற வேண்டும். இதுதான் பத்மநாபனின் திட்டம். அதற்காகவே சத்வா தையல்கடையில் அளவு கொடுத்து ஒரு கோட்டும் தைத்திருந்தார். டாக்ஸி, பஸ் என்று யோசனை சொன்னவர்கள் அன்றைக்குப் பார்த்து வயிறெரியட்டும்.

இரவு ஒன்பது மணிக்குப் பள்ளி வாசலில் லிமோவை நிறுத்தச் சொன்னார்.

“பெரிய பிள்ளைங்களுக்குப் பின் கேட்டு சார்” என்றான் டிரைவர்.

“வாயைத் திறக்காதேன்னு சொல்லல?” என்று சீறினார். ஆனால் அவன் சொன்னதுதான் சரி. வண்டி சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது.

கேட்டில் காவலாளி அன்பரசன் நின்றிருந்தான். பத்மநாபன் கோட்டை இழுத்துவிட்டபடி இறங்கினார்.

“மிருதுளாவை வரச் சொல்லு. டுவெல்த்.”

“நீங்க யாரு சார்?”

“அவ அப்பாய்யா!”

அன்பரசன் அவரை மேலும் கீழும் பார்த்தான். “உங்களைப் பாத்ததே இல்லையே சார்.”

தன் எமிரேட்ஸ் ஐடி கார்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“கார்டு செல்லாது சார். கமிட்டி ரூல்.”

“அந்த ரூலைப் போட்டதே நான்தான்யா!”

“வர்றவங்க எல்லாம் எதாவது சொல்லுவாங்க சார். எனக்கு முகம் தெரியணும்.”

உள்ளேயிருந்து மிருதுளா, “அங்கிள், அவர் என் டாட்தான்” என்றாள்.

“பிள்ளைங்க பேச்சைக் கேக்கக் கூடாதும்மா. அதுவும் ரூலு.”

பத்மநாபன் பக்கத்தில் நின்ற டீச்சரைப் பார்த்து, “மேடம், நீங்களாவது சொல்லுங்க” என்றார்.

“சாரி சார். மூணு வருஷமா நான்தான் இவளோட கிளாஸ் டீச்சர். எந்த மீட்டிங்குக்கும் உங்களைப் பாத்ததா ஞாபகம் இல்லையே.”

பின்னால் வரிசையில் நின்ற பெற்றோர்கள் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தார்கள். லிமோவை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கொஞ்சம் வெளிச்சத்துல வந்து நில்லுங்க சார்” என்றான் அன்பரசன். போனை எடுத்து அவரை ஒரு போட்டோ பிடித்தான், யாருக்கோ அனுப்பினான்.

“யாருக்குய்யா அனுப்புற?”

அவன் போனைக் காதில் வைத்தான்.

“கனகாக்கா, போட்டோ வந்துச்சா? இந்த ஆளை நம்பிப் பாப்பாவை அனுப்பலாமா?”